கேபிளின் மேல் வாட் எண்ணை அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெங்களூரு அல்சூரில் லேப்டாப் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். "சார்ஜ் ஏறவில்லை, மதர்போர்டையே மாற்றணும் என்கிறார்கள்" என்று சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டோடு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எல்லாம் டைப்-சி லேப்டாப்புகள். நிஜமாகவே போர்டு போனவையும் உண்டு. ஆனால் பல நேரம் கோளாறு கேபிளில்தான்.

டைப்-சி சார்ஜர் முதலில் 5 வோல்ட்தான் கொடுக்கும். லேப்டாப்போடு பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான் பெரும்பாலும் 20 வோல்ட் வரை ஏறும். அந்தப் பேச்சு நடக்காவிட்டால் அதே சார்ஜரில் போன் ஏறும், லேப்டாப் ஏறாது. சாதாரண கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான். அதற்கு மேல் உள்ளே சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். இங்கே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறவற்றில் எது எந்த ரகம் என்று பார்த்த மாத்திரத்தில் எனக்கே தெரியாது. உறையில் 'ஃபாஸ்ட் சார்ஜிங்' என்று மட்டும் பளபளக்கிறது!

போர்டுக்குப் பணம் கட்டுமுன் வேறு கேபிள், லேப்டாப்பில் வேறு போர்ட் (கேபிள் செருகும் துளை) போட்டுப் பாருங்கள். எல்லா டைப்-சி போர்ட்டும் சார்ஜ் வாங்காது. உள்ளே தூசி அடைத்திருந்தால், லேப்டாப்பை அணைத்துவிட்டு மரக்குச்சியால் மெல்ல எடுங்கள். ஊசி வேண்டவே வேண்டாம்.

60 வாட், 240 வாட் என்று கேபிளுக்கான முத்திரைகள் 2021-லேயே வந்துவிட்டன. இங்கே விற்கும் ஒவ்வொரு கேபிளிலும் அந்த எண் இருக்க வேண்டும் என்று இந்திய தர நிர்ணய அமைவனம் கட்டாயமாக்கட்டும்.

இப்படிக்கு,
லேப்டாப் மெக்கானிக் ஒருவர், அல்சூர், பெங்களூரு