பொன்வண்டு இரண்டு வகை

குப்பம்,
புரட்டாசி 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேளைக்குச் சாப்பிடு.

"நல்லா இருக்கேன்பா" என்பதற்கு மேல் நீ போனில் பேசி இரண்டு மாதம் ஆகிறது. வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன் பெயர் அச்சான கட்டுரையைத் தபால்காரர் வரைக்கும் காட்டியாகிவிட்டது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளக்கத்தான் உனக்கு நேரமில்லை.

மழைக்குப் பிறகு ஏரிக்கரை வேலமரத்துக்குப் பொன்வண்டு வந்திருக்கிறது. நேற்று ஒரே கிளையில் இரண்டு பார்த்தேன். ஒன்றுக்குக் கழுத்து பச்சை, முதுகு செம்பழுப்பு. இன்னொன்று முழுக்கப் பச்சை, மேலே வெளிர்ப் புள்ளிகள். திருப்பிப் பார்த்தேன். நெஞ்சில் முன்பக்கமாகத் துருத்திக்கொண்டு அந்தக் கொம்பு இரண்டுக்கும் இருந்தது. போன தடவை நீ காட்டியதுதான். இந்த வண்டுகளின் அறிவியல் பெயரில் வரும் ஸ்டெர்னோசெரா என்றால் கிரேக்கத்தில் நெஞ்சுக்கொம்பு என்றாய். உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1758-ல் பச்சை வண்டை புப்ரெஸ்டிஸ் என்ற பேரினத்தில் மற்ற பளபளப்பு வண்டுகளோடு போட்டார், 1829-ல் எஷ்ஷோல்ட்ஸ் என்ற விலங்கியலாளர்தான் இந்தக் கொம்பு வைத்தவற்றைத் தனியாக எடுத்தார் என்றும் சொன்னாய். சேர்த்து வைத்ததைப் பிரிக்க 71 வருஷம். ராத்திரியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ ஆறாம் வகுப்பில் தீப்பெட்டிக்குள் இரண்டையும் கொண்டுவந்தாயே. பச்சை ஆண், பழுப்பு பெண் என்று வகுப்பில் சொன்னேன். நீ எழுந்து, "இல்ல சார், பழுப்பு பழுப்போடதான் ஜோடி சேருது, நான் மரத்துல பாத்தேன். ரெண்டும் வேற வேற" என்றாய். ஸ்கேலால் அடித்து வெயிலில் நிறுத்தினேன். அன்று ராத்திரி வீட்டில், "சார், சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாய். அம்மா சிரித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தேன். பழுப்பு வண்டுகள் இரண்டு ஜோடியாக இருந்தன. நீ சொன்னது சரி. திங்கட்கிழமை வகுப்பில் அதைச் சொல்லவில்லை. வாத்தியார் தப்பு என்று பிள்ளைகள் முன்னால் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. மெயின் ரோட்டில் நின்று கேட்டாலும் இன்று சொல்வேன்.

பிறகு ஒரு தடவையும், "ஒத்து வராதுப்பா" என்றாய். கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது என்றேன். ஒரே வீட்டில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். அப்போதும் நீ பார்த்துத்தான் சொல்லியிருப்பாய். நான்தான் போய்ப் பார்க்கவில்லை.

தீபாவளிக்கு எத்தனை பேர் வருகிறீர்கள் என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை. மாடி அறையைக் கழுவி வைத்திருக்கிறேன். பெங்களூரில் இறங்கி எந்த ரயில் ஏறினாலும் சொல், ஸ்டேஷனில் நிற்பேன். வண்டுகளைப் பிடித்து வரவில்லை, கிளையிலேயே விட்டுவிட்டேன். சில வாரம்தான் வெளியே இருக்கும் என்று நீதானே சொன்னாய்.

காதை மூடிக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அப்பா