கணவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடும்ப வன்முறை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை சட்டத்தைத் தெளிவாக விளக்கியது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், அதன்படி புகாரைக் கேட்டு உதவும் பாதுகாப்பு அலுவலர், 181 என்ற பெண்கள் உதவி எண், மருத்துவ, சட்ட உதவிகளை ஒரே இடத்தில் தரும் ஒருங்கிணைந்த சேவை மையம், எல்லாம் சரி. ஆனால் அடிபடுகிறவள் அங்கே வரை வந்து சேர வேண்டுமே? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்திய அளவில், வன்முறையை அனுபவித்த பெண்களில் 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். எங்களிடம் இவர்கள் வேறு காரணம் சொல்லித்தான் வருவார்கள். தீராத தலைவலி, தூக்கமின்மை, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கர்ப்பகாலப் பரிசோதனை, "வாசப்படி தடுக்கிருச்சு" என்று ஒரு வீக்கம். தடுக்கி விழுகிறவருக்குப் பெரும்பாலும் உள்ளங்கையும் முழங்காலும் தேயும். முன்கையின் வெளிப்பக்கம் மட்டும் கன்றியிருந்தால், அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியிருப்பாளோ என்று சந்தேகிக்க வேண்டும். என்ன ஆச்சு என்று கேட்டால் கூட வந்த கணவரோ மாமியாரோ முந்திக்கொண்டு பதில் சொல்வார்.

சமூகப் பணியாளர்களுக்கான பயிற்சி இங்கிருந்து தொடங்க வேண்டும். "எடை பார்க்கணும், நீங்க மட்டும் உள்ளே வாங்க" என்று சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. அப்புறம், கேட்கும் விதம். "உங்களுக்கு வன்கொடுமை நடக்கிறதா?" என்று படிவத்தில் இருப்பதைப் படித்தால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். "வீட்ல சண்டை வந்தா கை நீட்டுவாரா?" என்று கேட்டால் சிலர் தலையசைப்பார்கள். "கழுத்தைப் பிடிச்சாரா?" என்பதைத் தவறாமல் கேட்க வேண்டும். கழுத்தை நெரித்த தடம் பல சமயம் வெளியே தெரியாது. ஆனால் ஒருமுறை நெரிக்கப்பட்டவள் பின்னால் கொல்லப்படும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 181 என்று அச்சடித்த நோட்டீசை யோசிக்காமல் அவள் கையில் திணிக்கவும் கூடாது. பையில் அதைப் பார்த்தால் அன்றிரவே உதை விழும். மூன்றே இலக்கம், மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

எனக்கு அதிகக் கோபம் வருவது கவுன்சலிங் என்ற பெயரில் பல இடங்களில் நடக்கும் பஞ்சாயத்தைப் பார்த்துத்தான். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, "பிள்ளைங்க முகத்தைப் பாரும்மா, அனுசரிச்சுப் போ" என்று அனுப்பிவிடுகிறார்கள். அடித்தவர் பக்கத்தில் இருக்கும்போது அவள் எதைச் சொல்வாள்? குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006 விதிகளில் 14-ஆவதைப் படித்துப் பாருங்கள். நீதிமன்றம் அனுப்பும் கவுன்சலிங்கில்கூட, அடித்ததற்கு நியாயம் பேசக் கணவருக்கு இடமில்லை. அதைத் தொடங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும். சமரச முயற்சியும் அவள் விரும்பினால் மட்டுமே. இந்த விதியைத் தெரியாமலேயே வருடக்கணக்கில் "குடும்பங்களைச் சேர்த்து வைத்தவர்கள்" உண்டு. அவர்களுக்குப் பாராட்டும் கிடைக்கிறது!

இதெல்லாம் நடக்காத காரியமல்ல. மும்பை பாந்த்ராவில் மாநகராட்சியின் பாபா மருத்துவமனையில் 2000-ஆம் ஆண்டிலேயே வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் 'திலாசா' மையம் தொடங்கப்பட்டது. அங்கே மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி தந்து, சிகிச்சைக்கு வரும் பெண்களை அடையாளம் கண்டு மையத்துக்கு அனுப்பிவைக்கப் பழக்கினார்கள்.

சமூக நலத்துறைக்கு என் கோரிக்கை இதுதான். அரை நாள் கூட்டம், மதியச் சாப்பாடு, சான்றிதழ் என்று முடிக்காமல், ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்லும் நடிப்புப் பயிற்சியாகச் சில நாட்களாவது நடத்துங்கள். சமூகப்பணி முதுகலை மாணவர்களையும் கிராம சுகாதார செவிலியர்களையும் ஒன்றாக உட்காரவையுங்கள். இந்த வாழ்க்கையிலிருந்து மீண்ட பெண்கள் விரும்பி வந்தால் அவர்களையே பாடம் நடத்த அழையுங்கள், மதிப்பூதியத்தோடு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.