காலி டேங்க்தான் ஆபத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் பழைய கார்களைப் புதுப்பிப்பது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், பெட்ரோல் டேங்கில் ஓட்டை இருந்தால் காலி செய்துவிட்டு வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். யாராவது அதை நம்பி டேங்கைக் கழற்றித் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போவதற்குள் தயவுசெய்து ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் மோசம். பெட்ரோலில் பற்றுவது அதன் ஆவி. காற்றில் அந்த ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். விளிம்பு வரை பெட்ரோல் இருக்கும்போது உள்ளே காற்றுக்கு இடமில்லை, காலி செய்ததும் காற்றும் ஆவியும் சேர்ந்துகொள்கின்றன. வெயிலில் ஒரு நாள் கவிழ்த்து வைத்தேன், வாசனையே இல்லை என்பார்கள். தகட்டு மடிப்பிலும் துருவுக்குள்ளும் ஊறிக்கிடக்கிற பெட்ரோல் வெல்டர் சூடு காட்டியதும்தான் வெளியே வரும். அப்புறம் அது டேங்க் இல்லை, குண்டு.

என்னிடம் இருப்பது 1972 மார்க் 2 அம்பாசடர், அப்பா வாங்கியது. ஷெட்டில் 11 வருஷம் நின்றது. அந்த வண்டியில் டேங்க் டிக்கிக்கு அடியில் தொங்குகிறது, 54 லிட்டர் பிடிக்கும். பின் சக்கரம் வாரி அடிக்கிற சேறெல்லாம் அதன் மேல்தான், அதனால் வெளியிலிருந்தும் துரு, உள்ளே நின்றுபோன பெட்ரோலில் சேர்ந்த தண்ணீரால் உள்ளிருந்தும் துரு. 2014 மே மாதம் மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டது, கம்பெனி டேங்குக்கு இனி வழியில்லை. கடைகளில் எனக்குக் காட்டியவை தட்டினாலே தகர டப்பா சத்தம் போட்டன. சரி, இருப்பதையே காப்பாற்றுவோம் என்று முதலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன் (பெயர் வேண்டாம்). அவர்கள் ஈரம் காயாமல், துருவையும் எடுக்காமல், அதன் மேலேயே சீலர் (உள்ளே ஓட்டையை அடைக்கிற பூச்சு) ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆறே மாதத்தில் அது பாலாடை மாதிரி உரிந்து, பெட்ரோல் போகும் குழாய் வாயில் போய் ஒட்டிக்கொண்டது. வண்டி நின்ற இடம் மேம்பாலத்தின் உச்சி. பின்னால் வந்தவர்கள் அடித்த ஹார்ன் இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் நானே இறங்கினேன். முதலில் பேட்டரி வயரைக் கழற்றி, வண்டியைத் திறந்த வெளியில் தள்ளி, மிச்சப் பெட்ரோலை இறக்கினேன். டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது, வார்னிஷ் நெடி. டேங்கை இறக்கி, தண்ணீரும் சோப்புத் தூளும் விட்டுப் பல தடவை அலசிவிட்டு, 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கணக்கில் வாஷிங் சோடா கரைத்து நிரப்பினேன். மின்சாரம் விட்டுத் துருவை உதிர்க்க, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் டேங்குக்கு, பாசிட்டிவ் ஒரு சாதா இரும்புக் கம்பிக்கு. கம்பியை, பெட்ரோல் அளவு காட்டும் மிதவை இருந்த துளை வழியாக, டேங்கில் எங்கும் படாமல் தொங்கவிட வேண்டும், பட்டால் ஷார்ட். எவர்சில்வர் கம்பி கூடவே கூடாது, அதில் இருக்கும் குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகிவிடும். கொப்புளம் கொப்புளமாக வருவதில் ஹைட்ரஜனும் இருக்கிறது, ஆகவே இதையும் மொட்டைமாடி மாதிரி இடத்தில்தான் செய்ய வேண்டும், ஒயரைக் கழற்றும் முன் சார்ஜரை அணைத்துவிட வேண்டும். இரண்டு நாளில் துரு கருப்புப் பொடியாக உதிர்ந்தது. மிச்சத்துக்கு ஒரு பழைய சைக்கிள் செயினை உள்ளே போட்டுக் குலுக்கினேன். நட்டு, போல்ட் போட்டால் எண்ணிப் போட வேண்டும், ஒன்று உள்ளேயே தங்கினால் ஆயுசுக்கும் கலகலக்கும். செயின் என்றால் பிடித்து இழுத்துவிடலாம்.

கழுவி முடித்ததும் உடனே காற்று ஊதிக் காயவைக்க வேண்டும். நான் காபி குடிக்கப் போய்விட்டு வந்தேன், அதற்குள் உள்ளே ஆரஞ்சு நிறப் பூச்சு. திரும்பவும் முதலிலிருந்து.

அடிமடிப்பில் ஊசி முனை அளவில் இரண்டு ஓட்டை தெரிந்தது. இதற்குத்தான் உங்கள் கட்டுரை வெல்டிங் சொன்னது. நான் போனது ரேடியேட்டர் கடைக்கு. அங்கிருந்த பெரியவர் டேங்கை முகர்ந்து பார்த்துவிட்டு, ஓட்டை மேலே வரும்படி சாய்த்து, ஓட்டைக்கு ஓர் அங்குலம் கீழே வரை தண்ணீர் நிரப்பினார். அடுப்பைத் தள்ளி வைத்து அதில் செம்புச் சூட்டுக்கோலைக் காய்ச்சி எடுத்து வந்து ஈயம் வைத்தார், டேங்கின் பக்கம் நெருப்பே வரவில்லை. கை ஆடாமல் இழுத்த அந்த ஈயக்கோட்டை நான் பெயின்ட் அடிக்காமலே விட்டிருப்பேன், துருவுக்குப் பயந்து அடித்தேன். ஒழுகுகிறதா என்று பார்க்க சைக்கிள் பம்பில் மெல்ல நாலு அடி காற்று, மேலே சோப்பு நுரை. கம்ப்ரஸரை வைத்தால் டேங்க் பலூன் மாதிரி உப்பிவிடும்.

திரும்ப மாட்டும்போது நான் செய்த இரண்டு தப்பையும் சொல்லிவிடுகிறேன். டேங்க் முழுக்கப் பெயின்ட் அடித்ததில் மிதவைக்கு எர்த் போய்விட்டது, பெட்ரோல் முள் அசையவே இல்லை; ஓரிடத்தில் பெயின்ட்டைச் சுரண்டித் தனி ஒயர் கொடுத்ததும் எழுந்து நின்றது. இன்னொன்று, மூச்சுக்குழாயில் பெயின்ட் அடைத்திருந்தது. எட்டு கிலோமீட்டரில் வண்டி நின்றது, மூடியைத் திறந்தேன், உஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது, உடனே ஸ்டார்ட் ஆனது. உள்ளே காற்று போக வழியில்லாவிட்டால் பம்ப் எதை இழுக்கும்?

இன்றைக்கு பங்க்குகளில் போடுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கும், பழைய ரப்பர் ஹோஸையும் கெடுக்கும். ஆகவே ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றிவிட்டேன், மாதக்கணக்கில் ஓட்டாவிட்டால் டேங்கில் இருக்கும் பெட்ரோலை இறக்கிவிடுகிறேன். இதைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

முதல் தடவை 5 லிட்டர் மட்டும் ஊற்றி, ராத்திரி காருக்கு அடியில் உங்கள் பத்திரிகையைத்தான் விரித்து வைத்தேன், மன்னிக்கவும். பெட்ரோல் சொட்டினால் காய்ந்த பிறகும் அச்சு மையில் வளையம் தெரியும். மூன்று நாளும் வளையம் இல்லை, கொஞ்சம் முன்னால் பின் அச்சிலிருந்து ஒரு சொட்டு டிஃபரன்ஷியல் ஆயில் மட்டும், அது இந்த வண்டியின் வழக்கம். திருத்தம் வரும் நாளின் தாளை மட்டும் விரிக்க மாட்டேன், வெல்டிங் பட்டறைக்காரரிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
பழைய அம்பாசடர் வாசகர்,
கோவை.