மழைச்சட்டையும் டயரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்காட்லாந்துக் கண்டுபிடிப்பாளர்கள் என்றதும் தொலைபேசியோடு நிறுத்திவிடுகிறோம். பால் மரத்தை (ரப்பர் மரத்தை) நம்பி வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியவர் சார்லஸ் மெக்கின்டாஷ். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தா என்ற திரவத்தில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி அழுத்தி, நீர் புகாத துணிக்கு 1823-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அந்தத் துணி வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. தையல்காரர் ஊசி போட்ட துளை வழியே தண்ணீரும் இறங்கியது. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறை 1840களில் பரவிய பிறகுதான் (அது அமெரிக்கரும் ஆங்கிலேயரும் செய்த வேலை) பிசுபிசுப்பும் விறைப்பும் தீர்ந்தன.

காற்றடைத்த டயர் என்றால் எல்லாரும் டன்லப்பைச் சொல்வார்கள். பெல்ஃபாஸ்ட்டில் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்து பார்த்து, 1888-இல் காப்புரிமை பெற்றவர் அவர். ஆனால் இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் தாம்சன் 1845-இலேயே அதற்கு உரிமை வாங்கியிருந்தார். டன்லப்பின் உரிமை பிறகு செல்லாமல் போனதற்கு அதுவே காரணம். தாம்சனை மறப்பது பெரிய அநியாயம். மாணவர் பகுதியில் இந்த மூவரையும் படத்துடன் வெளியிடுங்கள்.

தோட்ட வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்