சந்தோஷமா இருக்கியான்னு கேட்டாயே, வசந்தா

அன்புள்ள வசந்தா,

உன் நீளமான மெயிலுக்குப் பதில் போட இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் சோம்பல் இல்லை. வீட்டில் வெள்ளையடிப்பு நடந்தது, சாமானையெல்லாம் கூடத்தில் குவித்துவிட்டு நடுவில் கட்டில் போட்டுப் படுத்திருந்தோம், அது முடிவதற்குள் ராஜபாளையத்து அத்தை தவறிவிட்டார். உனக்கு ஞாபகம் இருக்கும், ஹாஸ்டலுக்கு முறுக்கு டின்னோடு வந்து வார்டனிடம் சண்டை போடுவாரே, அவர்தான். எண்பத்தைந்து வயது, படுக்கையில் கிடக்காமல் போனார். இருந்தாலும் வீடு வீடாக இல்லை.

பேரன் நடக்கிறான், பெர்த்தில் குளிர் விட்டது, மருமகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள், எல்லாம் படித்தேன். கடைசியில் நீ கேட்டிருந்த கேள்விதான் எனக்குச் சிரிப்பாக வந்தது. "நீ சந்தோஷமா இருக்கியா? பத்துக்கு எவ்வளவு மார்க் கொடுப்பே?" இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் இப்படிக் கேட்டதே கிடையாது, சாப்பிட்டியா, மாதவிலக்கு நின்னுச்சா, மாமியார் இன்னும் படுத்துறாங்களா என்றுதான் கேட்டிருக்கிறாய். நீ சேர்ந்திருக்கிற அந்த ஆன்லைன் மகிழ்ச்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த கேள்வி என்று உடனே தெரிந்தது. ராத்திரி படுக்கும்முன் நல்லதாக நடந்த மூன்று விஷயங்களை எழுது என்றும் சொல்லியிருப்பார்களே? அது மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியல்காரர் பிரபலமாக்கிய பயிற்சி. 1998ல் அவர் அங்குள்ள உளவியல் சங்கத்துக்குத் தலைவராக இருந்தபோதுதான், மனசு எப்படிக் கெடுகிறது என்று மட்டும் பார்த்தது போதும், எப்படி நன்றாக இருக்கிறது என்றும் ஆராய்வோம் என்று கிளப்பிவிட்டார். நியாயமான யோசனைதான். அதிலிருந்து இப்போது இத்தனை வகுப்பும் ஆப்பும் கோச்சும் முளைத்துவிட்டார்கள், அதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

இந்த மார்க் போடும் வியாதி பெங்களூரில் என் மகள் ஆபீசிலும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மெயில் வருமாம், அதில் அழுகிற முகத்திலிருந்து பல்லைக் காட்டிச் சிரிக்கிற முகம் வரை ஐந்து பொம்மை முகங்கள். இந்த வாரம் எப்படி இருந்தீர்கள், ஒன்றை அழுத்துங்கள். அவள் எப்போதும் நாலாவதைத்தான் அழுத்துவாளாம். ஏன்டி என்று கேட்டேன். முதல் இரண்டை அழுத்தினால் ஹெச்.ஆர். கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள், மூன்றை அழுத்தினால் மேனேஜர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார், ஐந்தை அழுத்தினால் இவளுக்கு வேலை பத்தவில்லை போல என்று இன்னும் ஒன்றைத் தலையில் கட்டுவார்கள், அதனால் நாலும்மா என்கிறாள். அவள் டீமில் ஆள் விலகியபின் புது ஆள் எடுக்கவில்லை, அந்த வேலையையும் இருப்பவர்கள்தான் இழுக்கிறார்கள். அதற்குப் பரிகாரமாகத் தியான ஆப் ஒன்று இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். யோகா வகுப்பு சாயங்காலம் ஆறரைக்கு, அதே ஆறரைக்குத்தான் அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங்.

எனக்கு எரிச்சலே இதில்தான். நன்றாக இருக்க ஆசைப்படுவதை யார் தப்பு என்று சொல்வார்கள்? ஆனால் இப்போது அது நாம் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிப் பாஸாக வேண்டிய பரீட்சை ஆகிவிட்டது. ஆள் இல்லாத டீமில் பிள்ளை சோர்ந்து போனால் அது டீமின் குறை இல்லை, அவள் மூச்சைச் சரியாக இழுத்துவிடவில்லை என்று ஆகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் பரீட்சைப் பேப்பர் திருத்தியவள் சொல்கிறேன், மார்க் என்று ஒன்று வந்துவிட்டால் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு மார்க்கைத்தான் படிப்பார்கள்.

வருஷா வருஷம் மார்ச் 20ஆம் தேதி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரு கலவரம் நடக்கும். அன்று உலக மகிழ்ச்சி தினம், உலக மகிழ்ச்சி அறிக்கையும் அதையொட்டித்தான் வரும். 2025 அறிக்கையில் 147 நாடுகளில் இந்தியா 118ஆவது, பாகிஸ்தான் 109ஆவது. உடனே என் மைத்துனர், அங்கே மாவுக்கு வரிசையில் நிற்கிறான், அவன் நம்மைவிட சந்தோஷமா, எல்லாம் சதி என்று ஆரம்பித்துவிட்டார். அவருக்குப் பதில் சொல்லலாமே என்று நான் உட்கார்ந்து அது எப்படிக் கணக்கெடுக்கிறார்கள் என்று படித்தேன். ரிட்டயர் ஆனவளுக்கு வேறென்ன வேலை?

அதில் யாரையும் சிரித்தாயா, அழுதாயா என்று கேட்டு ரேங்க் போடுவதில்லை. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அடியில் பூஜ்யம், உச்சியில் பத்து. உச்சிப்படி உனக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, அடிப்படி மிக மோசமான வாழ்க்கை, இப்போது நீ எந்தப் படியில் நிற்கிறாய் என்று ஒரே கேள்வி. நாட்டுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் பேரிடம் கேட்டு மூன்று வருஷச் சராசரி எடுக்கிறார்கள், ரேங்க் அவ்வளவுதான். வருமானம், ஆயுள், லஞ்சம், சுதந்திரம் என்று பேப்பரில் பட்டியல் போடுகிறார்களே, அதெல்லாம் ஏன் இந்த மார்க் வந்தது என்று விளக்கப் பின்னால் பார்ப்பது, மார்க்கே அதிலிருந்து போடுவதில்லை. மைத்துனருக்கு இதை விவரமாக எழுதி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது.

பின்லாந்து 2018 முதல் 2025 வரை எட்டு வருஷமும் முதலிடம். வடக்கே குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் தலைகாட்டாத ஊர்கள் உண்டு, ஆட்களும் வாயாடிகள் கிடையாது, நாங்களா முதலிடம் என்று அவர்களே கேட்கிறார்களாம். சிரிப்பை மட்டும் எண்ணினால் தென்னமெரிக்கப் பக்கத்து நாடுகள்தான் மேலே வரும். ஏணிக் கேள்விக்கு ஒருவர் ஏழோ எட்டோ சொல்வது கூத்தும் கும்மாளமுமாக இருப்பதால் அல்ல என்றுதான் எனக்குப் படுகிறது. வேலை போனாலும் தெருவுக்கு வரமாட்டோம், பிள்ளைக்குப் படிப்பு உண்டு, ஆஸ்பத்திரியில் சொத்து கரையாது, ஆபீசரைப் பார்க்கக் கவரோடு போக வேண்டாம் என்ற நிம்மதி இருந்தால் ஏழு வரும். அதைத் தனியாளாக உட்கார்ந்து டைரி எழுதிச் சம்பாதிக்க முடியுமா, சொல்லு. ஊர் கூடி வரி கட்டிச் செய்துவைத்த ஏற்பாடு அது.

அந்தச் சர்வேயில் இன்னொரு கேள்வியும் உண்டு. உனக்கு ஒரு கஷ்டம் என்றால், எப்போது கூப்பிட்டாலும் உதவிக்கு வர உறவோ சிநேகிதமோ இருக்கிறதா? இதைப் படித்தபோது அத்தை வீட்டு நினைவு வந்தது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை, எதிர்வீட்டிலிருந்து இட்லிச் சட்டியோடு வந்துவிட்டார்கள், மத்தியானம் சம்பந்தி வீட்டுச் சாப்பாடு, ராத்திரி யாரோ ஒருவர், பேர்கூடத் தெரியாது, அத்தையிடம் சின்ன வயதில் தையல் கற்றுக்கொண்டவராம். யாரும் ஆறுதல் என்று பெரிதாக எதுவும் பேசவில்லை, கெட்டுப்போகுமுன் சாப்பிடுங்க என்று அதட்டிவிட்டுப் போனார்கள். இதற்கு நடுவில் அத்தை மகள்வழிப் பேரன் ஒருவன், நல்ல பிள்ளைதான், அழுதுகொண்டிருந்த அவன் பெரியம்மாவிடம் போய், "பாசிட்டிவா இருங்க பெரியம்மா, நெகட்டிவ் எமோஷனைப் பிடிச்சு வச்சுக்காதீங்க" என்றான். பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை! அவள் அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எங்கம்மா செத்துப்போச்சுடா என்றாள். அதற்குமேல் அவன் வாயைத் திறக்கவில்லை.

நம் ஊரில் உறவு நிறைய, அதனால் நாம் மேல் என்று நான் சொல்ல வரவில்லை. அதே 2025 அறிக்கையில், வாரத்தில் எத்தனை வேளை பிறரோடு சேர்ந்து சாப்பிடுகிறீர்கள் என்றும் ஒரு கணக்கு இருக்கிறது. அப்படிச் சாப்பிடுகிறவர்கள் பொதுவாக ஏணியிலும் மேலே நிற்கிறார்களாம். அமெரிக்காவில் 2023ல் நாலில் ஒருவர், முந்தின நாள் எல்லா வேளையும் தனியாகவே சாப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறார், ஐயோ பாவம் என்று படித்துக்கொண்டே வந்தால், சேர்ந்து சாப்பிடுவதில் கடைசி வரிசையில் நிற்பது நம் தெற்காசியா. இவ்வளவு கூட்டுக்குடும்பப் பெருமை பேசுகிறோமே என்று என் வீட்டுக்காரருக்கு ஒரே ஆச்சரியம். எனக்கு ஆச்சரியமே இல்லை. உன் மாமியார் வீட்டில் நீ யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்? ஆம்பளைகளுக்குப் போட்டு, பிள்ளைகளுக்குப் போட்டு, மூன்று மணிக்கு அடுப்படியில் ரசமும் அடிச்சோறும் தனியாகத்தானே? கணக்கெடுக்க வந்தவர்கள் பெண்களிடமும் கேட்டிருப்பார்கள் அல்லவா.

உன் பூட்டான் சிநேகிதியைப் பற்றி எழுதியிருந்ததை ரொம்ப நேரம் யோசித்தேன். ஊரில் டீச்சராக இருந்தவர், அரசாங்க வேலையை விட்டுவிட்டுப் பெர்த்தில் முதியோர் இல்லத்தில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறார், கணவர் படிக்கிறார், குழந்தை திம்புவில் பாட்டியிடம். நாட்டின் வளர்ச்சியைப் பணத்தால் மட்டும் அளக்காதே, மக்கள் மகிழ்ச்சியாலும் அள, அதற்கு ஒட்டுமொத்த தேசிய மகிழ்ச்சி என்று பேர் என உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த நாடு அது. நாலாவது ராஜா ஜிக்மே சிங்யே வாங்சுக் எழுபதுகளில் சொன்னது, 2008 அரசியல் சட்டத்திலும் எழுதிவைத்துவிட்டார்கள். நான் அதைக் கேலி செய்யமாட்டேன், காட்டைக் காப்பாற்றியதும் இலவச வைத்தியமும் சும்மாவா. ஆனாலும் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புகிறார்கள் என்றால், மனநிறைவு வேறு, மாதச் சம்பளம் வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தொண்ணூறுகளில் நேபாளி பேசும் குடிமக்கள் லட்சம் பேர் அங்கிருந்து விரட்டப்பட்டு நேபாளத்தில் அகதி முகாம்களில் வருஷக்கணக்கில் கிடந்தார்களே, அதை அந்த மகிழ்ச்சிக் கணக்கில் எங்கே எழுதினார்கள்? இதை அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டுவைக்காதே, பாவம், அவருக்கு ஷிப்ட் இருக்கும்.

இங்கேயும் சும்மா இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 2016ல் ஆனந்தத்துக்கென்றே ஒரு அரசுத் துறை வைத்தார்கள். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018ல் மகிழ்ச்சிக்கு என்று தினம் ஒரு பீரியட், தலாய் லாமாவே வந்து ஆரம்பித்துவைத்தார். துறை விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பீரியட் மட்டும், வாத்தியாராக இருந்தவள் என்ற முறையில், எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் அதற்குப் பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லாத முக்கால் மணி நேரம் கிடைத்தால் பிள்ளைகள் தானாகவே மலர்வார்கள், அதற்கு என்ன பேர் வைத்தால் என்ன.

ஒன்று மட்டும் உன் வகுப்பு டீச்சரிடம் கேட்டுப்பார். ஐரிஸ் மாஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் 2011ல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். சில பெண்களுக்கு, மகிழ்ச்சிதான் வாழ்க்கைக்கு ரொம்ப முக்கியம் என்று சொல்லும் கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள், வேறு சிலருக்கு அந்தப் பேச்சே இல்லாத கட்டுரை. அப்புறம் சந்தோஷமான ஒரு படக்காட்சி. மகிழ்ச்சிக் கட்டுரையைப் படித்துவிட்டு வந்தவர்கள்தான் மற்றவர்களைவிடக் குறைவாகச் சந்தோஷப்பட்டார்கள். இவ்வளவு நல்ல காட்சி, இன்னும் அதிகமாக அல்லவா எனக்குத் தோன்ற வேண்டும் என்று தன்னையே சோதித்துக்கொண்டிருந்தால் காட்சியை எங்கே பார்ப்பது? போன மாதம் தங்கை மகள் கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுத்தார்களே, அப்படித்தான் இருந்தது. இயல்பாகச் சிரிக்கணும் மேடம், இன்னொரு தடவை இயல்பாச் சிரிங்க என்று மணமேடைக்கு வருமுன்பே அந்தப் பிள்ளைக்குத் தாடை வலி கண்டுவிட்டது.

இவர்தான் விடிகாலையில் பார்க்கில் சிரிப்பு கிளப்புக்குப் போகிறார். அது 1995ல் மும்பையில் மதன் கட்டாரியா என்ற டாக்டர் ஆரம்பித்தது, இப்போது எங்கள் விருதுநகர் வரைக்கும் வந்துவிட்டது. கையைத் தூக்கிக்கொண்டு ஹோ ஹோ ஹா ஹா. எனக்குக் கேட்கவே கூச்சமாக இருக்கும். ஆனால் அது முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பென்ஷன், பிராஸ்டேட், மருமகன் எல்லாம் பேசிவிட்டு எட்டு மணிக்குத்தான் வருகிறார், முகம் தெளிவாக இருக்கிறது. அந்த டீக்காகவே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சரி, உன் கேள்விக்கு மார்க் போடமாட்டேன். மூட்டுவலி இருக்கிறது, பென்ஷன் வருகிறது, மகளை நினைத்தால் கவலை, அத்தையை நினைத்தால் அழுகை, சுவரெல்லாம் புதுப் பெயின்ட் வாசனை. நீயும் டைரி எழுதுவதை விடாதே, எழுதுகிற பழக்கம் உனக்குக் காலேஜிலிருந்தே நல்லது, ஆனால் மூன்று நல்ல விஷயம் கிடைக்காத நாளில் கிடைக்கவில்லை என்றே எழுது. பேரன் கத்தினான், மருமகள் முகம் கொடுக்கவில்லை, யாரோடும் தமிழில் பேசவில்லை என்று எழுதவேண்டியிருந்தால் டைரிக்கு வேண்டாம், எனக்கு எழுது. அல்லது ராத்திரி கூப்பிடு, உனக்குப் பத்து மணி என்றால் இங்கே ஏழரைதான், சீரியல் ஓடினாலும் எடுத்துவிடுவேன்.

ஜனவரியில் வருவதாக எழுதியிருந்தாயே, டிக்கெட் போட்டாயா? பொங்கலை ஒட்டி வந்தால் மதுரைக்கு ரயிலில் இடம் கிடைக்காது, தேதி தெரிந்ததும் சொல்லு, இவர் இங்கிருந்தே புக் பண்ணிவிடுவார். அந்தப் பூட்டான் பெண்ணிடம் மிளகாயும் சீஸும் போட்டுச் செய்வார்களே அதன் பக்குவத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வா, இங்கே எங்கள் காரத்துக்குச் சரியாக இருக்கும். சாக்லேட் எதுவும் தூக்கிவராதே, வீட்டில் இரண்டு பேருக்கும் சர்க்கரை.

அன்புடன்,
லலிதா