எங்கள் கேள்விகளை நாங்களே எழுதத் துணைநின்றவர்களுக்கு

கோலாலம்பூர், செந்தூல் அடுக்குமாடிக் குடியிருப்பு மக்களுக்கும், எங்களோடு நின்ற அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் புளோக்கின் வாழ்வுநிலைக் கணக்கெடுப்பு முடிந்து, முடிவுகளைக் கீழ்த்தள மண்டபத்தில் ஒட்டிவிட்டோம். உழைத்தவர்கள் பலர். எவர் பெயரும் விடுபட்டுவிடக் கூடாது என்பதால் பெயர்களை எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று புளோக்கில் எல்லாருக்கும் தெரியும்.

முதல் நன்றி ஏழாம் மாடி அக்காவுக்கு. முதல் கூட்டத்தில் மாதிரிப் படிவத்தை வாசித்தபோது எழுந்து நின்றவர் அவர். "ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். மாதக் கடைசியில் அதற்குள் என்ன இருக்கிறது என்றல்லவா கேட்க வேண்டும்?" என்றார். அன்றிரவே பெண்கள் உட்கார்ந்து கேள்விகளைப் புதிதாக எழுதினார்கள். மின்தூக்கி பழுதானால் எத்தனை நாள் கீழே இறங்காமல் இருக்கிறீர்கள்? பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கிறது? நள்ளிரவில் உடம்புக்கு முடியாமல் போனால் யார் கதவைத் தட்டுவீர்கள்? வருமானத்தை மட்டும் கேட்டிருந்தால் இவை எதுவும் வெளியே வந்திருக்காது.

நாட்டின் நல்வாழ்வை மலேசியப் புள்ளிவிவரத் துறை பொருளாதாரம், சமூகம் என இரு பிரிவாக அளக்கிறது. அது தேவையான வேலைதான். ஆனால் சராசரிக்குள் ஓர் அடுக்குமாடியே மறைந்துபோகும். ஐ.நா. குழந்தைகள் நிதியமான யுனிசெஃப், கோலாலம்பூரின் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் ஆய்வு நடத்தி 2018இல் வெளியிட்ட அறிக்கை, அங்குள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதாகச் சொன்னது. இது கோலாலம்பூர் சராசரியைப் போல் இரு மடங்கு. அந்த அறிக்கையைத் தமிழிலும் மலாயிலும் எங்களுக்கு வரிவரியாக விளக்கிய பல்கலைக்கழக மாணவிகளே, உங்களை மறக்கமாட்டோம்.

பினாங்கிலிருந்து பஸ் ஏறி வந்த தோழிக்கும் நன்றி. ஜாலான் சுங்கை, அம்பாங்கான் மக்கள் வீடமைப்புக் குடியிருப்புகளில் 2012இல் தொடங்கிய முயற்சியை அவர்தான் எடுத்துச் சொன்னார். அங்கே குடியிருப்பவர்களே தங்கள் தேவைகளைச் சொல்லி, பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று வாக்களித்திருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகுதான் "படிவம் நிரப்பி என்ன ஆகப்போகிறது" என்ற முணுமுணுப்பு அடங்கத் தொடங்கியது.

முழுவதும் அடங்கியது தாத்தா ஒருவர் பேசிய பிறகு. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய தோட்டத் தொழிலாளி அவர். தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட நாளில், தொழிலாளர் காசு சேர்ந்து தோட்டத்தையே வாங்கியதைச் சொன்னார். இளைஞர்கள் அசையாமல் கேட்டார்கள். மறுநாள் படிவம் கேட்டு வந்தவர்களில் பாதிப்பேர் அவர்கள்தாம்.

நோன்பு மாதத்தில் தராவிஹ் தொழுகை முடிந்து களைப்போடு மலாய்க் குடும்பங்களைச் சந்தித்த கக்காக்களுக்கும் (மலாய் அக்காமாருக்கும்), சீன முதியவர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசிய சலூன்காரருக்கும், இடைநிலைப்பள்ளி ஐந்தாம் படிவ மாணவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வேன்! கணக்கெடுப்புப் படிவத்தில் பெயரும் கதவு எண்ணும் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் அந்த மாணவர்கள். அதனால்தான் கடன், பசி, தனிமை எல்லாவற்றையும் மக்கள் மறைக்காமல் சொன்னார்கள்.

யார் கதவைத் தட்டுவீர்கள் என்ற கேள்விக்கு "யாருமில்லை" என்று பதில் சொன்ன முதியவர்கள் இருந்தார்கள். கணக்கெடுப்பில் என்னை மிகவும் உலுக்கியது அதுதான். இப்போது ஒவ்வொரு மாடியிலும் இரண்டு வீடுகள் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கின்றன. அந்தக் குடும்பங்களுக்கு என் தனிப்பட்ட வணக்கம்.

இரவு வேலைக்குப் போகும் பாதுகாவலர்கள் பலரை இம்முறை வீட்டில் பிடிக்க முடியவில்லை. தீபாவளிக்குப் பிறகு காலை வேளையில் அவர்களைச் சந்திக்கப் போகிறோம். உடன் வர விரும்புகிறவர்கள் தையல்கடை அக்காவிடம் பெயர் கொடுங்கள். படிவங்கள் அவரிடம்தான் இருக்கின்றன.

நன்றியுடன்,
கணக்கெடுப்புக் குழுவின் சார்பில்