அரையாண்டு ஆங்கில வினாத்தாள் தயாரித்த குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். வினைச்சொல்லைத் தக்க வடிவில் நிரப்பச் சொன்ன பகுதியும் அதற்கு நீங்கள் அனுப்பிய விடைக்குறிப்பும் உங்களுக்கு நினைவிருக்கும். நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

'வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ______.' நிரப்ப வேண்டிய வினை, லீவ். விடைக்குறிப்பில் 'ஹேட் லெஃப்ட்' மட்டும். வேறு எது எழுதினாலும் மதிப்பெண் இல்லை.

'ஹேட் லெஃப்ட்' என்றால் நான் போய்ச் சேருமுன்பே வண்டி போய்விட்டது. 'வாஸ் லீவிங்' என்றால் நான் நுழையும்போது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. வெறும் 'லெஃப்ட்' என்றால் நான் வந்தேன், வண்டி கிளம்பியது. மூன்றுமே பிழையில்லாத ஆங்கிலம். இதில் எது நடந்தது என்று வினாத்தாள் சொல்லவில்லை. பிள்ளைதான் உங்கள் மனத்தில் இருந்த வண்டியைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். மூன்று வடிவமும் தெரிந்து யோசித்தவனுக்குப் பூஜ்ஜியம். 'வென் வந்தால் ஹேட் போடு' என்று கைடு பார்த்து மனப்பாடம் செய்தவனுக்கு முழு மதிப்பெண்.

கூடுதலாக ஒரே ஒரு வாக்கியம் போதும். 'த ப்ளாட்ஃபார்ம் வாஸ் எம்ப்டி' என்று தொடர்ந்தால் 'ஹேட் லெஃப்ட்'தான் பொருந்தும். 'ஐ ரேன் அண்ட் ஜம்ப்ட் இன்' என்று தொடர்ந்தால் 'வாஸ் லீவிங்'. ஓடும் வண்டியில் ஏறச் சொல்லிக்கொடுக்கலாமா என்று ரயில்வே கேட்குமென்றால் வேறு வாக்கியம் போடுங்கள். சூழல் இல்லாமல் வினையைக் கேட்காதீர்கள், அவ்வளவுதான் எங்கள் கோரிக்கை.

அடுத்த வினாவிலும் இதே கதை. 'ஷி ______ ஹியர் சின்ஸ் 2015.' வினை, லிவ். 'ஹேஸ் பீன் லிவிங்' சரி, 'ஹேஸ் லிவ்ட்' தவறு என்கிறது விடைக்குறிப்பு. லிவ், வொர்க் போன்ற வினைகளுக்கு இரண்டுமே செல்லும். 'சின்ஸ்' கண்ணில் பட்டதும் 'பீன்', 'இங்' ஒட்டப் பழகிய பிள்ளை நாளைக்கு 'ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம் சின்ஸ் 2015' என்று எழுதும். அங்கே 'ஹேவ் நோன்' மட்டுமே சரி. நோ, லைக், பிலீவ் எல்லாம் பொதுவாக 'இங்' ஏற்காத வினைகள். 'சின்ஸ் இட் வாஸ் ரெய்னிங், வீ ஸ்டேய்ட் அட் ஹோம்' என்பதில் 'சின்ஸ்' காலத்தையே சொல்லவில்லை, மழை பெய்ததால் என்று காரணம் சொல்கிறது. அதையும் கைடு பிள்ளை விட்டுவைக்காது.

இப்படி ஒற்றைச் சொல்லைப் பார்த்துக் கோடிட்ட இடத்தை நிரப்பி நிரப்பித்தான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் 'ஐ டிட் நாட் வென்ட்' நாக்கை விட்டுப் போவதில்லை. தமிழிலும் 'போனேனில்லை' என்று யாரும் பேசுவதில்லை. 'போகவில்லை' என்கிறோம், அதில் 'போக' காலம் காட்டாது. ஆங்கிலத்தில் இறந்தகாலத்தை 'டிட்' சுமந்துவிடுவதால் 'கோ' அப்படியே நிற்கிறது. பாதி வழியைத் தாய்மொழியே போட்டு வைத்திருக்கிறது. ஆனால் பாடவேளை முழுவதும் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்குவதிலேயே கரைகிறது. 'எ லெட்டர் வாஸ் ரிட்டன் பை ஹிம்' என்று எந்த வீட்டில் பேசுகிறார்களோ! மூன்று நாளாகக் காய்ச்சல் என்பதை 'ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்று சொல்ல வராத பிள்ளை, 'பை ஹிம்' போடுவதில் மட்டும் புலி.

மன்னிக்கவும், கோபம் எங்கோ இழுத்துப் போகிறது. உங்கள் வேலைப்பளுவும் தரப்பட்ட அவகாசமும் தெரியாதவர்கள் அல்ல நாங்கள். ஆண்டுத் தேர்வில் காலம் சார்ந்த ஒவ்வொரு வினாவையும் இரண்டு மூன்று வாக்கியச் சூழலோடு கேளுங்கள். அச்சுக்குப் போகுமுன் தாள் தயாரிப்பில் பங்கில்லாத ஆசிரியர் ஒருவரிடம் விடைக்குறிப்பு இல்லாமல் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவர் விடை மாறினால், மாற்ற வேண்டியது வினாவை. ஒன்றுக்கு மேற்பட்ட வடிவம் பொருந்துமிடத்தில் எல்லாவற்றையும் விடைக்குறிப்பில் அச்சிடுங்கள்.

இப்போதைக்கு அந்த இரண்டு வினாக்களுக்கும் திருத்திய விடைக்குறிப்பை அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எந்தத் தேதிக்குள் வரும் என்று தெரிவித்தால், விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுக்காமல் அதுவரை வைத்திருப்போம்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்